பிள்ளைகளோடு கப்பலேறினால்...

“நாலு வயசுப் பிள்ளைய வச்சிக்கிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல்லயா? அதுக்கு என்னா ஞாபகம் இருக்கப்போவுது? பெரிசானதும் கூட்டிக்கிட்டுப் போகலாமில்ல?”

கடந்த ஆண்டு சுங்கைப்பட்டாணியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கோயிலில் கேட்டார்கள், காலைச் சந்தையில் கேட்டார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டார்கள். என் மகளும் மருமகனும் தங்கள் இரு பிள்ளைகளோடு மத்தியதரைக் கடலில் ஏழு இரவு உல்லாசக் கப்பலில் போக முடிவு செய்திருந்தார்கள். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நான்கு. துணைக்கு என்னையும் அழைத்தார்கள். பல ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை மேய்த்தவள் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

போய் வந்தபின் கேள்வி மாறிவிட்டது. “எப்படி சமாளிச்சீங்க? நாங்களும் போகலாமா?” என்று இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. எனக்கு இது முதல் கப்பல் பயணமும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு கடல் கடப்பது எப்படி என்று நான் கற்றது 1964இல், என் அம்மாவிடம். அதையும் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கிளம்புமுன்

நாங்கள் ஏறியது பார்சலோனாவில். அங்கிருந்து பிரான்சின் மார்செய், இத்தாலியின் ஜெனோவா, நேப்பிள்ஸ், சிசிலித் தீவின் மெசினா, மால்டாவின் வலெட்டா, பிறகு ஒரு முழு நாள் கடல், மீண்டும் பார்சலோனா. இந்தப் பாதையில் பல கப்பல்கள் ஓடுகின்றன. இதில் பெரிய வசதி என்னவென்றால், பெட்டியை ஒரு முறை பிரித்து அடுக்கினால் போதும். இரவில் பிள்ளைகள் தூங்குவார்கள், காலையில் சன்னலுக்கு வெளியே வேறோர் ஊர் நிற்கும். ஊர் ஊராக ஹோட்டல் மாறி, ரயில் மாறி, ஒரு தோளில் பையும் மறு தோளில் தூங்கும் பிள்ளையுமாக அலையும் வேலை இல்லை.

கைக்குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஆறு மாதம் நிறைந்த பிறகே ஏற்றுகின்றன. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணமென்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இந்த நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விதிகள் மாறுவதுண்டு, டிக்கெட் எடுக்குமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். அம்மாவின் பெயருக்குப் பின்னால் இருப்பது தாத்தாவின் பெயர். மூன்று கடப்பிதழில் மூன்று குடும்பப் பெயர் என்று ஐரோப்பியக் குடிநுழைவு அதிகாரி நினைத்துக்கொள்கிறார். “இந்தப் பெண் உங்களுக்கு யார்?” என்று பேத்தியைக் காட்டி மகளைக் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையோடு வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால், மற்றவரிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்காலத்தில் ஸ்பெயின் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் ஊர்க் காலை ஒன்பது, அங்கே விடியற்காலை மூன்று. பேரன் சரியாக மூன்று மணிக்கு எழுந்து மைலோ கேட்டான். ஆகவே கப்பல் புறப்படும் நாளன்றே போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கினால், பிள்ளைகளின் வயிறும் தூக்கமும் கொஞ்சம் பழகிக்கொள்ளும். விமானம் தாமதமானாலும் கப்பலைத் தவறவிட மாட்டோம். மருந்துப் பையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஏறும்போது வாங்கிக்கொள்ளும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். காய்ச்சல் மருந்து, மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

ஆயாக்கொட்டகையும் பெரட்டும்

கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி இடம் இருக்கிறது. பொதுவாக மூன்று வயது முடிந்த, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைத்தான் தனியாக விட்டுவிட்டு வரலாம். பெயர் பதிந்து, கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். பதிந்த பெரியவர் வந்தால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். டயப்பர் கட்டிய பிள்ளையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க அநேகக் கப்பல்களில் அனுமதி இல்லை. இரண்டு வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏழு நாளும் குளத்தங்கரையில் அழுகைதான்.

அந்த இடத்தை முதலில் பார்த்தபோது நான், “இது நம்ம ஆயாக்கொட்டகை” என்றேன். மகளுக்குச் சிரிப்பு. அவள் நகரத்தில் பிறந்தவள். தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் புரியும். பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் விடியுமுன் பிள்ளைகளைத் துணியோடு அள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடும் இடம். வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள், ஒரு பெரிய பானைக் கஞ்சி, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக ஒரே ஆயா. இங்கே வண்ணப் பந்துகளும் கணினியும் இருக்கின்றன. விட்டுவிட்டுத் திரும்பும் அம்மாவின் முகம் மட்டும் மாறவில்லை. முதல் நாள் பேரன் அழுதான். மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் வெளியே வரமாட்டேன் என்று அழுதான்.

கப்பல் கிளம்பும் முன் எல்லாப் பயணிகளும் ஓர் ஒத்திகையில் கலந்துகொள்ள வேண்டும். ஆபத்து மணி எப்படி ஒலிக்கும், எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். அதற்கு அங்கே மஸ்டர் என்று பெயர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணிப் பேர் பதியும் பெரட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இந்தப் பெரட்டுக்கு யாரும் மட்டம் போடாதீர்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் இத்தாலியின் கீலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகை நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புமுன் இது முடிந்தாக வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கென்று சின்ன மிதவைச் சட்டை தனியாக உண்டு. அறையில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சோறு, பருப்பு, தயிர், பழம் எல்லாம் கிடைத்தது. காரம்தான் இல்லை, நான் கொண்டுபோன ஊறுகாய்ப் பாட்டிலை மருமகன் நான்கே நாளில் முடித்துவிட்டார். கடல் மயக்கம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதிகம் வருவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களைத்தான் அது பிடிக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். கோடையில் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதிதான். ஆனால் வலெட்டாவிலிருந்து திரும்பும் நாளில் காற்று வீசி, பேத்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, கொஞ்சம் சுக்கும் பனங்கற்கண்டும் வாயில் போட்டேன். சரியாகிவிட்டது.

ஊருக்கு ஒன்று போதும்

பெரியவர்கள் செய்யும் பேராசை ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் கப்பல் நிற்கிறதா, எட்டு இடம் பார்த்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு அது நடக்காது. ஊருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

ஜெனோவாவில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஐரோப்பாவின் பெரிய மீன் காட்சியகங்களுள் ஒன்று இருக்கிறது, 1992இல் திறந்தது. சுறாவும் பென்குவினும் பார்த்த பிள்ளைகள் அரை நாள் அசையவில்லை. நேப்பிள்ஸில் எல்லாரும் பொம்பேய்க்கு ஓடுகிறார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் நிழலில்லாத வெயில், மேடு பள்ளமான கல் பாதை, தள்ளுவண்டி உருளாது. நாங்கள் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கோட்டையைச் சுற்றிவிட்டு, பீட்சா பிறந்த ஊரில் பீட்சா சாப்பிட்டுவிட்டு, வெசூவியஸைத் தூரத்திலிருந்து பார்த்தோம். “பாட்டி, குனோங் ஜெராய் மாதிரியே இருக்கு” என்றாள் பேத்தி. கெடாப் பிள்ளை, வேறெப்படிப் பார்ப்பாள்!

மெசினாவில் பேராலய மணிக்கூண்டு துறைமுகத்திலிருந்து சில நிமிட நடை. 1933இல் அமைத்த பெரிய இயந்திரக் கடிகாரம் அது. பகல் 12 மணிக்குப் பொன்னிறச் சிங்கம் ஒன்று கர்ஜிக்கும், சேவல் சிறகடித்துக் கூவும், உருவங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். காசு செலவில்லை. வலெட்டாவில் கடற்கரையிலிருந்து கோட்டை மேல் இருக்கும் பூங்காவுக்கு 58 மீட்டர் உயர மின்தூக்கி இருக்கிறது. மேலே பகல் 12க்கும் மாலை 4க்கும் பீரங்கி வெடிப்பார்கள். பேரன் அதைத்தான் இன்றுவரை எல்லாரிடமும் செய்து காட்டுகிறான்.

இரும்புக் கட்டில்கள்

மீன் காட்சியகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜெனோவாவின் கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. கலாத்தா என்று பெயர். வாசலில் உண்மையான நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தண்ணீரில் நிற்கிறது. அதற்காகத்தான் பேரன் இழுத்துக்கொண்டு போனான். உள்ளே மேல்தளத்தில், பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழை இத்தாலியர்களைப் பற்றிய பகுதி இருந்தது. அவர்கள் படுத்துப் போன மூன்றாம் வகுப்புக் கூடத்தை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள், மங்கிய விளக்கு, ஆணியில் தொங்கும் துணி மூட்டை.

நான் நின்றுவிட்டேன். மருமகன் திரும்பி வந்து, “என்ன அத்தை, முடியலையா?” என்றார்.

“நான் இதுல வந்திருக்கேன்” என்றேன்.

அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு ரஜூலாவைப் பற்றிச் சொன்னேன்.

ரஜூலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடை போட்டது. ஐயாயிரத்துக்கும் அதிகமான தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. நம் தாத்தா பாட்டி வந்தது, கல்யாணத்துக்குப் போனது, சாவுக்குப் போனது, தங்க நகையோடு திரும்பியது, வெறும் கையோடு திரும்பியது எல்லாம் அதில்தான். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ரஜூலா பெயர் தெரியாத குடும்பம் என் தலைமுறையில் இல்லை.

1964இல் எனக்கு ஒன்பது வயது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே கிராமத்தில் அம்மாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. அப்பாவுக்கு விடுப்பு இல்லை. சீட்டுப் பணத்தை எடுத்து, அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான், நான்கு வயதுத் தம்பி, ஒன்றரை வயதுத் தங்கை. அம்மைப்பால் குத்தி, காலரா ஊசி போட்டு, சான்றிதழ் வாங்கி, பஸ்ஸில் பட்டர்வொர்த், பெர்ரியில் பினாங்கு. தகரப் பெட்டி ஒன்று, பாய் இரண்டு, மண்ணெண்ணெய் டின் நிறைய முறுக்கும் அவலும். அந்தக் காலத்துப் பயண ஆலோசனை அவ்வளவுதான்.

ஐந்து நாள் பயணம். எங்களுக்குக் கிடைத்தது தளத்தில் ஒரு பாய் அளவு இடம். அம்மா மூன்று பிள்ளைகளையும் சமாளித்த விதத்தை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தங்கைக்குத் தாய்ப்பால் நிறுத்தவில்லை, அதனால் அவள் பாடு தீர்ந்தது. சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நிற்பது என் வேலை. தம்பி கால் நிற்காதவன், கம்பிக்கு ஓடுவான். பழைய சேலையை நீளமாகக் கிழித்து, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் அம்மா கட்டிக்கொண்டார். பகலும் இரவும் அப்படியே. அவன் புரண்டால் அம்மா விழிப்பார். உல்லாசக் கப்பலில் பேரன் கையில் பட்டை கட்டியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரை வரை போகாது. நடுக்கடலில் நிற்கும், படகு வந்து ஏற்றிக்கொள்ளும். படகு மேலே எழும்பும் நேரம் பார்த்துப் பிள்ளைகளைக் கைமாற்றிவிடுவார்கள். யாரோ ஒருவர் கையிலிருந்து யாரோ ஒருவர் கைக்குப் போனோம். அம்மா கடைசியாக இறங்கி, முதலில் செய்தது மூன்று தலைகளையும் தொட்டு எண்ணியது.

மூன்று பேர் போய் இரண்டு பேர்

மூன்று மாதம் இருந்தோம். பாட்டி தேறிவிட்டார். கிளம்பும் நேரத்தில், “இவன ரெண்டு வருஷம் என்கிட்ட விட்டுட்டுப் போ” என்று தம்பியைக் கேட்டார். அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. ஊரில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்த தோட்டக் குடும்பங்கள் நிறைய. பிள்ளை தமிழ் படிக்கும், நிலத்துக்கு ஆள் இருக்கும், பெரியவர்களுக்குத் துணை. அம்மா சம்மதித்தார். இரண்டு வருடம்தானே!

திரும்பும் பயணத்தில் அந்தச் சேலைக் கிழிசல் அம்மாவின் மணிக்கட்டிலேயே இருந்தது. அவிழ்க்கவில்லை. பினாங்கை நெருங்கும் அன்று விடிகாலையில் தூரத்தில் ஒரு நீல மேடு தெரிந்தது. “அதோ பாரு, நம்ம மலை” என்றார். குனோங் ஜெராய், 1,217 மீட்டர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலைக் கடந்து கடாரத்துக்கு வந்த மாலுமிகளுக்கும் இந்த மலைதான் அடையாளம். 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கியது என்று பள்ளியில் பல முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிவது படையல்ல, தளத்தில் நின்ற அம்மாதான்.

இரண்டு வருடம் என்பது நீண்டது. தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற காலம் அது. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம்கூட நம் கெடாவின் புக்கிட் சீடிம்தான். எங்கள் தோட்டத்துக்கு அந்த நல்ல காலம் வரவில்லை. விற்றுப்போனது, வேலை போனது, லயத்து வீடும் போனது. சுங்கைப்பட்டாணிக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தோம். தம்பியை அழைத்துவர ஒருவர் போய் இருவர் திரும்பும் கப்பல் செலவு, ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போனது. 1969 வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. அப்பாவும் சிவப்பு அட்டைதான். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டே கப்பலேறிய நாட்கள், அந்த நேரத்தில் ஒரு பிள்ளையை இங்கே வரவழைக்க யாருக்குத் துணிவு வரும்? பிறகு அப்பா இறந்தார். ரஜூலாவும் 1970களில் உடைக்கப்பட்டுவிட்டது. சிதம்பரம் என்ற கப்பல் ஓட வந்தது.

அந்தச் சிதம்பரத்தில்தான் 1982இல் தம்பி வந்தான். வயது இருபத்திரண்டு, மீசை வைத்திருந்தான். பினாங்குத் துறைமுகத்தில் அம்மா அவனைத் தாண்டிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அருகில் வந்து, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றான்.

நம் வீட்டில் எந்தப் பிள்ளையும் அம்மாவை ‘நீங்க’ என்று சொன்னதில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனான். போவதற்குள் ‘நீ’ வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்: “அக்கா, தோட்டம் எனக்கு ஞாபகமே இல்ல. அப்பா முகம் ஞாபகம் இல்ல. அம்மா முகம்கூட போட்டோவைப் பார்த்துத்தான். ஆனா கப்பல் நல்லா ஞாபகம் இருக்கு. சுடுற இரும்புத் தரை, எஞ்சின் எண்ணெய் வாசம், இடுப்புல இழுக்குற துணி. நான் இழுத்தா யாரோ திரும்ப இழுப்பாங்க. எனக்கு அம்மான்னா அதுதான்.” அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். கப்பல் நின்றது. அதன்பிறகு எல்லாமே விமானம்தான்.

ஞாபகம் இருக்குமா?

இதை ஜெனோவாவில் சொல்லி முடித்தபோது பேத்தி கேட்டது ஒரே கேள்வி: “அந்தத் தாத்தாவை ஏன் யாரும் போய்க் கூட்டிட்டு வரல?” மகள் என்னைப் பார்த்தாள். “காசு இல்லடா” என்றேன். அவள் நம்பவில்லை. ஏழு வயதில் நம்ப முடியாதுதான்.

மனித நினைவை ஆராய்கிறவர்கள், நம்மில் பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்கிறார்கள். நான்கு வயதில் பார்த்ததிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே கோயில் வாசலில் என்னைக் கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மெசினாவின் சிங்கத்தையும் நேப்பிள்ஸின் கோட்டையையும் பேரன் மறந்துபோவான். அந்த ஊர்களைப் பார்க்க வைப்பதுதான் நோக்கமென்றால், பத்து வயது வரை காத்திருங்கள். பணம் மிச்சம்.

ஆனால் அவனுக்கு ஏதோ ஒன்று மிஞ்சும், அது எது என்று நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. இருட்டில் தளத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கடலாக இருக்கலாம். மூன்று மணிக்கு எழுந்தவனுக்கு அம்மா கலக்கிக் கொடுத்த மைலோவாக இருக்கலாம். மருமகன் கூலிமில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், மகளும் வேலைக்குப் போகிறாள். நால்வரும் ஒரே மேசையில் மூன்று வேளையும் ஏழு நாள் தொடர்ந்து சாப்பிட்டது அந்தக் கப்பலில்தான் முதல் முறை. அதற்கு மத்தியதரைக் கடல்தான் வேண்டுமென்பதில்லை. வசதி இல்லாதவர்கள் கோலக் கெடாவில் பெர்ரி ஏறி லங்காவிக்குப் போய் இரண்டு இரவு தங்கி வாருங்கள். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கடன் வாங்கி மட்டும் உல்லாசக் கப்பல் ஏறாதீர்கள். டிக்கெட் விலைக்கு மேல் ஊழியர் அன்பளிப்பு, இணையம், தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாகச் சேரும்.

தம்பிக்கு இப்போது அறுபத்தைந்து. திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறான். வலெட்டாவில் கப்பல் நின்றபோது வீடியோ அழைப்பில் பேசினோம். பேரன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கப்பலின் தளத்தைக் காட்டினான். தம்பி எல்லாம் பார்த்துவிட்டு, “கம்பிகிட்ட ஓடாதடா, பாட்டி கையப் புடிச்சிக்கோ” என்று மட்டும் சொன்னான்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நாகப்பட்டினத்துக் கடலில் அவன் படகில் இறங்கினான், அங்கிருந்து கப்பல் ஏறியதே இல்லை. 1982இல்கூடச் சென்னையில்தான் ஏறினான். வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நானும் தம்பியும் தங்கையும் மூன்று பேராகப் போய் மூன்று பேராகத் திரும்புவதாக ஏற்பாடு. டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.